கழற்றி மாட்டும் வீடு

கழற்றி எடுத்துச் செல்லும் விளையாட்டு வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது எடை. எட்டுக்கு நான்கு அடி அளவில், 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளைவுட் பலகை ஒன்றே ஏறத்தாழ 20 கிலோ இருக்கும். வீடு முழுவதையும் அதில் செய்தால் போட்ட இடத்திலேயே கிடக்கும். தரைக்கு மட்டும் பிளைவுட், சுவருக்கு மரச்சட்டத்தில் கட்டிய மூங்கில் தட்டி என்றால் ஒவ்வொரு துண்டையும் இருவர் தூக்கிவிடலாம். சட்டங்களை இணைக்க ஆணி கூடாது. பிடுங்கும்போது மரம் பிளக்கும். வாஷர் வைத்த போல்ட்டும் நட்டும் போதும்.

சட்டத்துக்குப் பழைய பேக்கிங் மரம் மலிவு. ஏற்றுமதிச் சரக்கோடு வரும் அந்த மரத்தில் முத்திரை இருக்கும். ‘எச்.டி.’ என்றால் பூச்சியைக் கொல்ல மரத்தைச் சூடேற்றியிருக்கிறார்கள். ‘எம்.பி.’ என்றால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் நச்சு வாயு அது. குழந்தைகள் புழங்கும் வீட்டுக்கு அந்த மரம் வேண்டாம். மூங்கிலில் உள்ள மாவுச்சத்தைத் தேடி வண்டு வந்து உளுக்கச் செய்யும். வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைத்தால் வண்டு அண்டாது. மழையில் அந்த உப்பு கரைந்துபோகும் என்பதால் உலர்ந்தபின் எண்ணெய்ப் பூச்சு அவசியம்.

கூரைக்கு ஓலையோ வைக்கோலோ அழகுதான். ஆனால் எளிதில் தீப்பிடிக்கும். 1932-ல் வேல்ஸ் மக்கள் பிரிட்டன் இளவரசி எலிசபெத்துக்குப் பரிசளித்த, வைக்கோல் வேய்ந்த சிறு விளையாட்டு வீடு, கொண்டுசெல்லும் வழியில் தீப்பிடித்துக் கூரை எரிந்து, பிறகு செப்பனிடப்பட்டது. அடிக்கடி இடம் மாறும் வீட்டுக்குத் தகடே மேல். தகட்டில் பாதிக்கு வெள்ளை பூசி மறுபாதியை அப்படியே விடலாம். நண்பகலில் இரண்டின் அடியிலும் கையை நீட்டிப் பார்த்தால், எதிரொளிப்பு என்ற சொல் தெரியாத குழந்தைக்கும் விஷயம் பிடிபடும். விளையாடும் இடத்துக்கு மேல் வெள்ளைப் பாதி வரட்டும். சூடான காற்று மேலெழும் என்பதால், கூரையை ஒட்டி எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு வேண்டும்.

இந்த வீட்டின் உயிர் மழைநீர்தான். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இரண்டு மீட்டர் நீள அகலமுள்ள கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 40 லிட்டர்; சிந்தியது போக இரண்டு குடமாவது தேறும். நேர்ப்பக்கமுள்ள ஒரு டப்பாவை வெளியே வைத்து, அதில் சேர்ந்த நீரின் உயரத்தையும் கூரைநீர் பிடிக்கும் பீப்பாயில் சேர்ந்ததையும் குழந்தைகளே ஒப்பிடலாம். முதல் மழை கூரைத் தூசியைக் கழுவுவதால் அதைச் சேமிக்காமல் வெளியே விட வேண்டும். சேர்ந்த நீர் செடிக்கு, குடிக்க அல்ல. கொசு நுழையாமல் பீப்பாய்க்கு வலை மூடி வேண்டும்.

விளக்குக்கு 10 வாட் சூரியத் தகடும் 12 வோல்ட் பேட்டரியும் போதும். நான்கு மணி நேர நல்ல வெயில், இழப்பு போக, சுமார் 30 வாட்-மணி தரும். 3 வாட் எல்.இ.டி. அதில் பத்து மணி நேரம் எரியும்; 60 வாட் குண்டு பல்புக்கு அரை மணி நேரம்தான். மின்னழுத்தம் குறைவு என்றாலும் பேட்டரி குழந்தைகளுக்கு எட்டாத பெட்டியில் இருக்க வேண்டும்.

எடை குறைந்த வீட்டைக் காற்று சாய்த்துவிடும். நான்கு மூலையிலும் மணல்மூட்டை கட்ட வேண்டும். இடம் மாற்றும்போது மணலைக் கொட்டிவிட்டு வெறும் சாக்கோடு கிளம்பலாம். போகும் இடத்தில் மணல் கிடைக்கும். பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு சட்டத்துக்கும் எண் எழுதுவது நல்லது. இல்லாவிட்டால் அடுத்த ஊரில் கதவு கூரைக்குப் போய்விடும்.