ஐகோர்ட் நீதிபதி: கேட்கத் தயங்கும் சந்தேகங்கள்

சந்தேகம்: ஐகோர்ட் ஜட்ஜ் ஆக என்ன பரீட்சை எழுத வேண்டும்?

விளக்கம்: பரீட்சை கிடையாது, விண்ணப்பப் படிவம்கூடக் கிடையாது. தேர்வு எழுதுவதெல்லாம் கீழமை நீதிமன்ற நீதிபதி பதவிகளுக்குத்தான். இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். உயர் நீதிமன்ற வழக்கறிஞராகவோ நீதித்துறைப் பதவியிலோ 10 ஆண்டு இருந்திருக்க வேண்டும். அரசியல் சட்டத்தின் 217-வது பிரிவு கேட்பது இவ்வளவுதான்.

மற்றதெல்லாம் மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியத்தின் கையில். சென்னையில் தலைமை நீதிபதியும் அவருக்கு அடுத்த இரண்டு மூத்த நீதிபதிகளும் பெயர்களைப் பரிந்துரைப்பார்கள். முதல்வர், ஆளுநரின் கருத்துக் கேட்கப்படும். உளவுத் துறை தன் பங்குக்கு விசாரித்து அறிக்கை தரும். பிறகு உச்ச நீதிமன்றக் கொலீஜியம், மத்திய அரசு, கடைசியில் குடியரசுத் தலைவர். ஒரு பெயரை அரசு திருப்பி அனுப்பலாம். ஆனால் கொலீஜியம் அதே பெயரை மறுபடி வலியுறுத்தினால் மூன்று, நான்கு வாரத்துக்குள் நியமிக்க வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கோப்புகள் அந்தக் கெடுவைப் பெரிதாக மதிப்பதில்லை. சென்னைக்கு அனுமதிக்கப்பட்ட 75 இடங்களில் எப்போதும் சில காலியாகவே கிடப்பதற்கு இந்த இழுபறியும் ஒரு காரணம்.

சந்தேகம்: இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னால் எது செல்லும்? தலைமை நீதிபதி சொன்னதா?

விளக்கம்: இரண்டும் செல்லாது; வழக்கு மூன்றாவது நீதிபதியிடம் போகும். நிர்வாகத்தில்தான் தலைமை நீதிபதி பெரியவர். எந்த வழக்கை யார் விசாரிப்பது என்ற ‘ரோஸ்டர்’ அவர் போடுவது. பெஞ்சில் அமர்ந்துவிட்டால் அவருக்கும் ஒரே ஓட்டுதான்.

18 எம்.எல்.ஏ.க்கள் வழக்கு நினைவிருக்கும். 2017 செப்டம்பரில் பேரவைத் தலைவர் அவர்களைத் தகுதி நீக்கம் செய்தார். 2018 ஜூன் 14 அன்று, அது செல்லும் என்றார் தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி. செல்லாது என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த நீதிபதி எம்.சுந்தர். தமிழ்நாடே டி.வி. முன் உட்கார்ந்திருந்த நாளில் கிடைத்தது இதுதான். மூன்றாவது நீதிபதியாக முதலில் எஸ்.விமலா பெயர் வந்தது. மனுதாரர் தரப்பு உச்ச நீதிமன்றம் போனது; அது எம்.சத்தியநாராயணனை நியமித்தது. அக்டோபர் 25-ல் அவர், தகுதி நீக்கம் செல்லும் என்றார். ஓராண்டுக்கு மேல் அந்தத் தொகுதிக்காரர்கள் குடிநீர்க் குழாய் வேண்டும் என்று மனு கொடுக்கக்கூட எம்.எல்.ஏ. இல்லை.

சந்தேகம்: அரசுக்குப் பிடிக்காத நீதிபதியை வீட்டுக்கு அனுப்ப முடியுமா?

விளக்கம்: வேறு மாநிலத்துக்கு மாற்றலாம், அதையும் கொலீஜியம்தான் சொல்ல வேண்டும். 62 வயதுக்கு முன் பதவியைப் பறிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் ஆதரிக்க வேண்டும். இது எவ்வளவு கடினம் என்பதற்கு உதாரணம் நம்மூர்க்காரர்தான். சென்னையில் நீதிபதியாக இருந்து, பஞ்சாப்-ஹரியாணாவில் தலைமை நீதிபதியாகி, உச்ச நீதிமன்றம் போனவர் வி.ராமசாமி. சண்டிகரில் அரசு இல்லத்துக்குச் செய்த செலவுகள் பற்றிய புகாரில், விசாரணைக் குழு 14 குற்றச்சாட்டுகளில் 11-ஐ உறுதி செய்தது. 1993 மே மாதம் மக்களவையில் தீர்மானத்துக்கு ஆதரவாக 196 ஓட்டு, எதிராக ஒன்றுகூட இல்லை. ஆனாலும் தோற்றது! காங்கிரஸும் கூட்டணியினருமாக 205 பேர் வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்ததால் பாதி எண்ணிக்கை தேறவில்லை.

சந்தேகம்: ‘மை லார்ட்’ என்றுதான் அழைக்க வேண்டுமா?

விளக்கம்: கட்டாயமில்லை. பார் கவுன்சில் 2006-லேயே வேறு வார்த்தைகளைச் சொல்லிவிட்டது. வக்கீல்களின் நாக்குதான் மாறவில்லை. ‘கனம் கோர்ட்டார் அவர்களே’ சினிமாவில் மட்டும்.

சந்தேகம்: என் வழக்கு, என் ஊர். தமிழில் ஏன் வாதாட முடியாது?

விளக்கம்: கீழ்கோர்ட்டில் முடிகிறது. உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம் என்கிறது 348-வது பிரிவு. குடியரசுத் தலைவரின் முன் இசைவோடு ஆளுநர் மாநில மொழியை அனுமதிக்கலாம் என்ற வழியும் அதே பிரிவில் உண்டு. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பிகாரில் இந்தி அந்த வழியாகத்தான் நுழைந்தது. தமிழுக்காக 2006 டிசம்பரில் சட்டப்பேரவை தீர்மானம் போட்டது. 2012-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கூடி அதை ஏற்க மறுத்தார்கள். நால்வருக்குத் திறந்த கதவு ஐந்தாமவருக்கு ஏன் மூடியது என்பதற்குத் திருப்தியான பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

பாதிப்பு யாருக்கு? கிராமத்துப் பாகப்பிரிவினை வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சாட்சி தமிழில், பத்திரம் தமிழில், கீழ்கோர்ட் தீர்ப்பும் தமிழில். அப்பீலுக்கு வரும்போது அத்தனையும் ஆங்கிலத்துக்குப் பெயர்த்து, தட்டச்சு செய்து கட்டாக்கித் தாக்கல் செய்ய வேண்டும். பக்கக் கணக்கில் பணம். விசாரணை நாளில், நீதிபதிக்கு முன் நடக்கும் ஊழியரான சோப்தார் வெள்ளிச் செங்கோலோடு முன்னே வர, நீதிபதி வந்து அமர்கிறார். கடைசி வரிசையில் நிற்கும் அம்மாவின் வழக்கு மூன்று நிமிடத்தில் முடிகிறது. வெளியே வந்ததும் வக்கீல் குமாஸ்தாவிடம், “என்ன தம்பி சொன்னாங்க?” என்கிறார் அவர்.