சீசர் படும் பாடு

பண்ணைப்புரத்துக் கடைவீதியில் மாலை வேளையில் நின்று "சீசர்!" என்று கூப்பிட்டால் ரோமாபுரிச் சக்கரவர்த்தி எழுந்து வரமாட்டார். தேநீர்க் கடைப் பெஞ்சுக்கு அடியிலிருந்து செவலை நாய் ஒன்று சோம்பல் முறித்துக்கொண்டு வரும். ரொட்டித் துண்டு போட்டால் வாலைக் குழைக்கும். போடாவிட்டால் மறுபடியும் போய்ப் படுத்துக்கொள்ளும். அம்மட்டே அதன் சாம்ராஜ்யம்.

ஒரு நாள் நம் வகுப்பில் ரோமாபுரிச் சரித்திரம் நடந்துகொண்டிருந்தது. கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். முதல் நாள் இரவு அவன் தமக்கைக்குப் பிரசவ வேதனை கண்டு, தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள்.

"ஸார், அக்காவுக்குச் சிசேரியன் பண்ணவேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். டீக்கடை நாய்க்கும் சீசர் என்று பேர். நீங்கள் சொல்லுகிற ராஜாவுக்கும் அதே பேர். எல்லாம் ஒன்றுதானா?" என்றான்.

வகுப்பு சிரித்தது. பையன் சிரிக்கவில்லை, அவன் முகத்தில் பயம் இருந்தது. ஆகையால் நாமும் சிரிக்கவில்லை. அன்று அவனுக்குச் சொன்ன விடையையே சற்று விரித்து நேயர்களுக்கும் சொல்ல விரும்புகிறோம்.

ரோமர் இப்பெயரைச் 'சீசர்' என்று உச்சரித்ததில்லை. 'கைசர்' என்றே உச்சரித்தனர். ஆங்கிலத்தின் வழியாக வந்தபடியால் நமக்குச் சீசர் ஆயிற்று. இஃது ஒரு குடும்பப் பெயர். இதன் பொருள் யாது என்பதில் ரோமர்களுக்குள்ளேயே ஒருமைப்பாடு இல்லை. அடர்ந்த கேசமுடையவன் என்றனர் சிலர். பெயரைத் தாங்கிய ஜூலியஸ் சீசருக்கோ வழுக்கைத் தலை! அதை மறைக்கவே வெற்றி மாலையை விரும்பிச் சூடினார் என்று ஸ்வெட்டோனியஸ் என்னும் சரித்திராசிரியர் எழுதியிருக்கிறார். யானையைக் கொன்ற வீரனின் வம்சம் என்றனர் வேறு சிலர். தாயின் வயிற்றைக் கீறி எடுக்கப்பட்ட முன்னோன் ஒருவனால் வந்த பெயர் என்றார் பிளினி.

இந்த மூன்றாவது கதையோடு சேர்ந்ததுதான் சிசேரியன் என்னும் சொல். ஆனால் ஜூலியஸ் சீசரே அவ்வாறு பிறந்தார் என்பது நம்பத்தக்கதன்று. அந்நாளில் தாய் இறந்த பின்னரோ, இறக்கும் தறுவாயிலோதான் வயிற்றைக் கீறுவது வழக்கம். சீசரின் தாய் அவுரேலியாவோ, மகனுக்கு நாற்பது வயது கடந்த பின்னும் உயிரோடிருந்தாள்.

கி.மு. 44-இல் சீசர் கொலையுண்டார். அவருடைய சுவீகார புத்திரன் அக்டேவியன் சீசர் என்னும் பெயரைத் தரித்துக்கொண்டான். பின்னர் அகஸ்டஸ் என்ற பட்டமும் பெற்றான். ஜூலை மாதம் முன்னவர் பெயர். ஆகஸ்டு மாதம் பின்னவன் பெயர். கி.பி. 68-இல் நீரோவோடு அவ்வம்சம் அற்றுப்போயிற்று, பெயரோ அற்றுப்போகவில்லை. இரத்த சம்பந்தம் இல்லாதவர்களும் அதைப் பட்டமாகச் சூடினர். ஜெர்மனியில் அது கைசர் ஆயிற்று. ருஷ்யாவில் ஜார் ஆயிற்று. ஆரா என்னுமிடத்துக் கல்வெட்டில், கனிஷ்கன் என்ற குஷான மன்னனின் விருதுகளோடு 'கைசர' என்பதையும் ஆராய்ச்சியாளர் படித்திருக்கின்றனர்.

தமிழர் மட்டும் இப்பெயரைக் கண்டு மயங்கியதாகத் தெரியவில்லை. 1898-ஆம் வருஷம் புதுக்கோட்டைச் சீமையில் 501 ரோமப் பொற்காசுகள் அகப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு இருக்கிறது. இங்கே மதிப்புப் பொன்னுக்கேயன்றி முகத்துக்கு அன்று! தமிழில் பைபிளை மொழிபெயர்த்தவர்களும், விஜயநகர மன்னர் வாயிலாக நம் நாடு அறிந்திருந்த சொல்லை எடுத்துச் சீசரை 'இராயன்' ஆக்கிவிட்டார்கள்.

பின்னர் அதே பெயர் நம் தலைமேல் ஏறி உட்கார்ந்தது. 1877-ஆம் வருஷம் ஜனவரி 1-ஆம் தேதி டில்லியில் தர்பார் கூட்டி, விக்டோரியா மகாராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்தார்கள். இந்நாட்டு மொழியில் அப்பட்டம் 'கைசர்-இ-ஹிந்த்'. டில்லியில் விருந்து நடந்த அந்நாளில், தென்னாட்டில் தாது வருஷப் பஞ்சம் மக்களை வாரிக்கொண்டு போயிற்று. 1900-இல் அதே பெயரால் ஒரு பதக்கமும் ஏற்படுத்தினார்கள். தென்னாப்பிரிக்காவில் புரிந்த சேவைக்காகக் காந்தியடிகள் அந்தத் தங்கப் பதக்கத்தை 1915-இல் பெற்றார். பஞ்சாபில் நடந்த கொடுமைக்கும் கிலாபத் அநீதிக்கும் பரிகாரம் கிட்டாமற்போகவே, 1920 ஆகஸ்டு 1-ஆம் தேதி வைஸ்ராய்க்குக் கடிதம் எழுதி அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். சீசரின் பெயர் பொறித்த பொன்னைச் சீசருக்கே கொடுத்தாயிற்று!

1917-இல் ஜார் வீழ்ந்தார். 1918-இல் கைசர் வீழ்ந்தார். 1947 ஆகஸ்டு 15-இல் நாம் விடுதலை பெற்றோம். மறு வருஷம் இங்கிலாந்து மன்னர் இந்தியச் சக்கரவர்த்தி என்ற பட்டத்தையும் விட்டார். அகஸ்டஸின் மாதத்தைக் கேட்டால் இன்று நம் குழந்தைகளுக்கு ரோமாபுரி நினைவுக்கு வருவதில்லை. மூவர்ணக் கொடியும் மிட்டாயுமே நினைவுக்கு வருகின்றன.

ஆக, அதிகாரத்தின் பட்டமாக இப்பெயர் நின்ற சிம்மாசனங்கள் எல்லாம் சரிந்தன. மக்களுக்குப் பயன்பட்ட இடங்களில் மட்டும் அது பிழைத்திருக்கிறது. அவற்றுள் தலையாயது ஆஸ்பத்திரியே. ஒரு காலத்தில் தாயின் சாவோடு சேர்ந்திருந்த அறுவை, இன்று தாயையும் சேயையும் ஒருங்கே காக்கிறது.

"ஆகையால் பயப்படாதே, அக்கா வந்துவிடுவாள்" என்று அன்று பையனிடம் சொன்னோம். சொன்னோமேயன்றி நமக்கும் உள்ளூரக் கவலைதான்.

மறுநாள் அவன் கற்கண்டுப் பொட்டலத்தோடு வந்தான். ஆண் குழந்தை, தாய்க்கும் சுகம். "சீசர் என்று பேர் வைக்கப் போகிறீர்களா?" என்று வேடிக்கையாகக் கேட்டோம்.

"இல்லை ஸார். தாத்தா பேரைத்தான் வைக்கப்போகிறார்கள்" என்றான்.

பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் திரிபு அல்லவா? பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன் அவன். ரோமாபுரியார் ஒரு பெயரைக் காப்பாற்றச் சுவீகாரம் எடுத்தார்கள், சேனை திரட்டினார்கள், பட்டம் சூட்டினார்கள். பண்ணைப்புரத்திலோ அதற்கு ஒரு தொட்டில் போதும்.

கற்கண்டில் ஒரு துண்டு, மாலையில் கடைவீதிச் சீசருக்கும் கிடைத்தது.