20 கோடி பவுண்ட் செலவு, ஆனா நடுவுல ஆளில்லை: மான்செஸ்டர் யுனைடெட்டின் நிஜப் பிரச்சினை என்ன?

இங்கிலாந்து கால்பந்தின் 4-வது டிவிஷனில் ஆடிய கிரிம்ஸ்பி டவுன் அணியிடம் தோற்று, லீக் கோப்பையிலிருந்து வெளியேறியது மான்செஸ்டர் யுனைடெட். 2025 ஆகஸ்ட் 27 இரவு நடந்த அந்த ஆட்டத்தில் இடைவேளையின்போதே 0-2. எப்படியோ போராடி 2-2 ஆக்கினார்கள். பெனால்டி ஷூட்-அவுட்டில் 12-11 என மண்ணைக் கவ்வினார்கள். கடைசி பெனால்டியை கிராஸ்பாரில் அடித்தவர், அந்தக் கோடையில் பெருந்தொகை கொடுத்து வாங்கப்பட்ட பிரையன் எம்பூமோ. லீக் கோப்பை வரலாற்றில் 4-வது டிவிஷன் அணியிடம் யுனைடெட் தோற்றது அதுவே முதல்முறை.

மீம்ஸ் எல்லாம் ஓடி முடிஞ்சாச்சு. டிரான்ஸ்ஃபர் விண்டோ மூடுவதற்குச் சில நாட்களே இருந்த அந்த நிலையில், அணியில் எங்கே ஓட்டை இருந்தது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். முன்களத்தில் கொட்டிய பணம் வீண் செலவு அல்ல. 2024-25 சீசனில் 38 லீக் ஆட்டங்களில் யுனைடெட் அடித்தது வெறும் 44 கோல். 42 புள்ளிகளோடு 15-வது இடம். அதனால்தான் வுல்வ்ஸிலிருந்து மேதியஸ் குன்யா, பிரென்ட்ஃபோர்டிலிருந்து எம்பூமோ, லைப்ஸிக்கிலிருந்து பெஞ்சமின் செஸ்கோ என மூவரை வாங்கினார்கள். நிபந்தனைகளுக்கு உட்பட்ட கூடுதல் தொகையையும் சேர்த்தால் 20 கோடி பவுண்டைத் தாண்டுகிறது. குன்யா அந்த சீசனில் 15 லீக் கோல், எம்பூமோ 20 கோல் அடித்தவர்கள். யாராக இருந்தாலும் வாங்கத்தான் செய்வார்கள்.

பலன் கொஞ்சம் தெரியவும் செய்தது. முதல் ஆட்டத்தில் ஆர்சனலுக்கு எதிராக 22 ஷாட்கள். ஆனா கோல்? ஜீரோ. அடுத்து ஃபுல்ஹாமுடன் 1-1. அந்த ஒரு கோலும் ஃபுல்ஹாமின் முனீஸ் மேல் பட்டுப் போன சுய கோல். அதாவது, இரண்டு லீக் ஆட்டங்கள் முடிந்தும் யுனைடெட் வீரர் ஒருவர் பெயரில்கூட கோல் இருக்கவில்லை. இது போகப்போகச் சரியாகிவிடும் என்று நம்ப இடமிருந்தது. நடுக்களத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

மூணு பேர் வேலையை ரெண்டு பேர்!

அப்போதைய பயிற்சியாளர் ரூபன் அமோரிம் கைவிடாத ஆட்டமுறை 3-4-3. பின்னால் மூன்று டிஃபென்டர்கள், இரு ஓரங்களிலும் விங்-பேக்குகள். நடுவில் மிச்சம் இருந்தது இரண்டே மிட்ஃபீல்டர்கள். எதிரணிகள் பெரும்பாலும் மூன்று பேரை அங்கே நிறுத்தின. ஆக, யுனைடெட்டின் இருவரும் நிறைய ஓட வேண்டியிருந்தது, யாராவது தங்களைத் தாண்டி ஓடினால் துரத்த வேண்டியிருந்தது, பந்து கிடைத்தால் நிதானமாகக் கடத்தவும் வேண்டியிருந்தது.

முதல் இரண்டு லீக் ஆட்டங்களில் அந்த வேலையைத் தொடங்கியவர்கள் கேசமிரோவும் புருனோ ஃபெர்னாண்டஸும். கேசமிரோ ரியல் மாட்ரிட்டோடு 5 சாம்பியன்ஸ் லீக் வென்றவர். மூளை கூர்மைதான், ஆனா அப்போது வயசு 33. கால் ஒத்துழைக்க மறுத்தது. புருனோ பிறவியிலேயே கோலைப் பார்த்து ஓடுகிறவர். அவரை காவல் வேலைக்கு நிறுத்துவது, நல்ல சமையல்காரரைப் பிடித்து வாசலில் செக்யூரிட்டியாக உட்கார வைப்பது மாதிரி. 2024-ல் பிஎஸ்ஜியிலிருந்து வாங்கிய மானுவல் உகார்டே துரத்துவார், பறிப்பார். பறித்த பந்தை முன்னே கடத்துவதில்தான் தடுமாற்றம்.

சரி, ஒரு மிட்ஃபீல்டரை வாங்கிவிட வேண்டியதுதானே? பிரைட்டனின் கார்லோஸ் பலேபாவை விசாரித்தார்கள்; விலையைக் கேட்டுப் பின்வாங்கிவிட்டார்கள் என்பதே இங்கிலாந்து ஊடகங்கள் சொன்னது. 2023-ல் மொய்செஸ் காய்சேடோவை செல்சீக்கு 11.5 கோடி பவுண்ட் வரை விலை பேசி விற்ற கிளப் பிரைட்டன். அவசரத்தில் இருப்பவர்களிடம் எவ்வளவு கறக்கலாம் என்பது அவர்களுக்கு அத்துபடி.

அமர்த்தப்படாத இளைஞர்

இந்தக் கதையில் வேதனையான பகுதி கோபி மைனூ. அப்போது வயது 20. யுனைடெட் அகாடமியில் வளர்ந்தவர். 2024 யூரோ இறுதிப்போட்டியில் இங்கிலாந்தின் தொடக்க அணியில் ஆடியவர். நெருக்கடியில் பந்தை இழக்காமல் திரும்பக்கூடிய மிட்ஃபீல்டர், அதாவது அந்த அணியிடம் அப்போது இல்லாத அதே சரக்கு. ஆனால் முதல் இரண்டு லீக் ஆட்டங்களில் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. புருனோவின் இடத்துக்குத்தான் அவர் போட்டியிடுகிறார் என்பது அமோரிமின் விளக்கம்.

லோனில் அனுப்புங்கள் என்று மைனூவே கேட்டதாகவும், கிளப் மறுத்ததாகவும் அப்போது செய்திகள் வந்தன. அவர் பக்கம் நியாயம் இருந்தது. அந்த 2025-26 சீசனில் யுனைடெட்டுக்கு ஐரோப்பியப் போட்டிகள் இருக்கவில்லை. லீக் கோப்பையும் போய்விட்டிருந்தது. மிச்சம் இருந்தது 36 லீக் ஆட்டங்களும் எஃப்.ஏ. கோப்பையும்தான். 2026-ல் உலகக் கோப்பை வேறு வரவிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரைத் தேடி வந்து யாரும் தேர்வு செய்ய மாட்டார்கள்.

இதற்குள் ஒரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. 2025-26 சீசன் வரை இருந்த பிரீமியர் லீக் விதிப்படி, ஒரு கிளப் 3 ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது. 5 கோடி கொடுத்து 5 ஆண்டு ஒப்பந்தத்தில் ஒருவரை வாங்கினால், கணக்கில் ஆண்டுக்கு 1 கோடி செலவு. அவரை இடையில் விற்றால், மீதமுள்ள தொகையைக் கழித்த பிறகே லாபம். அகாடமி வீரருக்கு அப்படிக் கழிக்க எதுவும் இல்லை, விற்கும் தொகை முழுக்க லாபம். செல்சீயோடு சுமார் 4 கோடி பவுண்டுக்குப் பேசி முடிக்கப்பட்ட கர்னாச்சோவும் யுனைடெட் அகாடமியிலிருந்து வந்தவர்தான். அதே வேளையில் ஆன்டனி, சான்சோ என முந்தைய ஆண்டுகளில் கோடிகளைக் கொட்டி வாங்கியவர்கள் தனியாகப் பயிற்சி எடுத்துக்கொண்டு, போகும் இடம் முடிவாகாமல் காத்திருந்தார்கள். வளர்த்தவரை விற்பது லாபம், வாங்கியவரை விற்பது தலைவலி! இந்த விதியின் விசித்திரம் இது.

கோல்கீப்பர் விவகாரம் தனி. ஆர்சனல் ஆட்டத்தின் ஒரே கோல், கார்னரில் வந்த பந்தைச் சரியாகத் தட்டிவிட பயின்டிர் திணறியதால் விழுந்தது. கிரிம்ஸ்பியில் நின்ற ஒனானாவும் நம்பிக்கை தரவில்லை. இங்கே புது ஆள் வருவது கிட்டத்தட்ட நிச்சயம் என்றே அப்போது தோன்றியது. ஆனால் மீதமிருந்த பணமும் நேரமும் அதற்கே போய்விட்டால், நடுக்களம் ஜனவரி வரை அப்படியேதான் என்ற நிலை.

அந்தச் சனிக்கிழமை ஓல்டு டிராஃபோர்டில் பர்ன்லியுடன் ஆட்டம் இருந்தது, இந்திய நேரப்படி இரவு 7.30 மணிக்கு. விண்டோ மூடவிருந்தது அடுத்த திங்கள் இரவு 11.30 மணிக்கு. செப்டம்பர் 14-ல் காத்திருந்தது மான்செஸ்டர் சிட்டி, அதுவும் அவர்கள் மைதானத்தில்.