கொழுப்பு மாத்திரை இரத்தப் புற்றுநோயைத் தாமதப்படுத்துமா?

சி.எல்.எல். எனப்படும் நாட்பட்ட இரத்தப் புற்றுநோய் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் உடனே சிகிச்சை அளிப்பதில்லை. குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதித்துக் கண்காணிக்கிறோம். "புற்றுநோய் என்கிறீர்கள், மருந்து தரவில்லையே" என்று குடும்பத்தார் கேட்பது நியாயமே. இந்தத் தவிப்பில்தான் சிலர் கொலஸ்டிராலுக்கான ஸ்டாடின் மாத்திரையைத் தாமாகவே தொடங்குகின்றனர்.

அவர்களது எண்ணம் முற்றிலும் அடிப்படையற்றதன்று. உடலில் கொலஸ்டிரால் உருவாகும் பாதையை ஸ்டாடின் தடுக்கிறது. அதே பாதை புற்றணுக்களுக்கும் தேவை. ஆய்வுக்கூடத்தில் அவ்வணுக்கள் ஸ்டாடினால் மடிவதும் உண்டு. ஆனால் அங்கே பயன்படுத்தும் அளவு, மாத்திரை விழுங்குவதால் இரத்தத்தில் சேரும் அளவைவிடப் பெரும்பாலும் மிக அதிகம். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்க நிலை நோயாளிகள் ஸ்டாடின் உட்கொண்டதால் சிகிச்சை தேவைப்படும் காலம் தள்ளிப்போகவில்லை.

ஆகவே இந்நோய்க்கென்று ஸ்டாடினைத் தொடங்க வேண்டா. இதயத்துக்காக உட்கொள்வோர் அதை நிறுத்தவும் வேண்டா. சி.எல்.எல். உள்ளவர்களுக்கு நோய்த்தொற்று எளிதில் வரும். அதற்குத் தரப்படும் கிளாரித்ரோமைசின், சிம்வாஸ்டாடினுடன் சேர்ந்தால் தசைகள் சிதையக்கூடும். எனவே உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும், எங்களிடம் சொல்லத் தயங்குபவற்றையும், அடுத்த வருகையின்போது கொண்டுவாருங்கள்.