பாகம் பிரியாத சொத்து

படப்பை என்னும் சொல்லுக்கு வீட்டை அடுத்த தோட்டம் என்பது பழந்தமிழ்ப் பொருள். நம் ஊருக்கே அப்பெயர் அமைந்திருப்பதால், தோட்டமொன்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வரும் குடும்பங்களின் செய்தி நம் அங்கத்தினர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. பாட்டனார் காலத்தில் நான்கு ஏக்கராக இருந்த நன்செய், பேரன் காலத்தில் ஒரு பங்குக்கு ஓர் ஏக்கர் கூட நில்லாமல் கூறுபடுவதை நாம் அன்றாடம் காண்கிறோம். அவ்வாறு பங்கு போடாமல் காக்கக்கூடிய சொத்து ஏதேனும் உண்டா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

இவ்விஷயத்தில் பிரெஞ்சு தேசத்துத் திராட்சை விவசாயிகளிடம் கற்க வேண்டியது உண்டு. அவர்கள் திராட்சையிலிருந்து செய்வது மது ஆயிற்றே என்று அன்பர்கள் ஐயுறலாம். குடியை நாம் பரிந்துரைக்கவில்லை. தொழிலை நடத்தும் முறையையே எடுத்துரைக்கிறோம்.

அந்நாட்டின் கிழக்கெல்லையில் அல்சாஸ் என்றொரு பகுதி உண்டு. அங்கே ரிக்விர் என்னும் சிற்றூரில் ஊகெல் குடும்பத்தார் 1639ஆம் ஆண்டு முதல் இத்தொழிலை நடத்தி வருகின்றனர். 1715இல் செய்யப்பட்ட மரப்பீப்பாய் ஒன்று அவர்களுடைய நிலவறையில் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. குளிர்காலத்தில் கொடிகளைக் கவாத்துச் செய்வர்; இலையுதிர் காலத்தில் குலைகளைக் கையால் கொய்வர். வெள்ளை ஒயினுக்குப் பழத்தை உடனே மெல்லப் பிழிந்து, சாற்றைத் தெளிய வைத்துப் பிறகே புளிக்க விடுவர். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சாற்றிலுள்ள சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றுகிறது. சில நாட்களில் அழுகிவிடக் கூடிய பழம், இம்முறையால் ஆண்டுக்கணக்கில் இருக்கும் சரக்காகிறது. ஆதலின், கொய்த அன்றே வியாபாரி சொல்லும் விலைக்கு விற்றுத் தீரவேண்டிய நிர்ப்பந்தம் அவர்களுக்கு இல்லை.

ஆயினும் எல்லாக் குடும்பங்களுக்கும் இந்நிலை வாய்த்துவிடவில்லை. பிள்ளைகள் அனைவருக்கும் சம பங்கு என்பது 1804ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு முதல் அந்நாட்டு விதி. பர்கண்டிப் பகுதியில் க்ளோ த வூஷோ என்னும் புகழ்பெற்ற தோட்டம் ஒன்று இருக்கிறது. அதன் பரப்பு ஏறக்குறைய 50 ஹெக்டேர். ஒரு காலத்தில் மடத்துத் துறவிகள் ஒரே நிலமாக வைத்திருந்த அத்தோட்டத்திற்கு இன்று சுமார் 80 உரிமையாளர்கள் உள்ளனர். சிலருக்குச் சில வரிசைக் கொடிகளே பங்கு. எனினும் அந்த எண்பது பேரும் வூஷோ என்ற பெயரைத் தம் புட்டியில் இட்டுக்கொள்ள உரிமை உடையவர்கள். நிலம் எண்பது கூறானது, பெயர் கூறாகவில்லை. பாகம் பிரியாத சொத்து யாதென்று இப்போது விளங்கும்.

ஆனால் பெயர் தானாக நிலைப்பதன்று. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பிரான்ஸில் ஊர்ப்பெயர்களுக்குக் காப்பு ஏற்பட்டது. இன்ன எல்லைக்குள், இன்ன ரகக் கொடியில், ஹெக்டேருக்கு இவ்வளவுக்கு மேற்படாத விளைச்சலில், இன்ன முறையில் செய்திருக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். இவற்றுள் ஒன்று தவறினாலும் அச்சரக்கை ஊர்ப்பெயர் இன்றியே விற்க வேண்டும். தன் சரக்கைத் தானே கழித்து ஒதுக்கும் துணிவுதான் பெயருக்கு வேலி. அதே 1935ஆம் ஆண்டிலேதான் நம் சென்னையில், இன்று கோ-ஆப்டெக்ஸ் என வழங்கும் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது.

தனியே நிலவறை கட்ட வசதியற்ற சிறு விவசாயிகள் என் செய்தார்கள்? தென் பிரான்ஸில் மரோசான் என்னும் ஊரில் அவர்கள் 1901இல் சங்கமாகத் திரண்டு, 1905இல் பொது நிலவறை கட்டினர். தரகரை நம்பாமல், பாரிஸ் நகரத் தொழிலாளரின் கூட்டுறவுப் பண்டகசாலைகளுக்கே நேரில் விற்றனர். சிறியவர்கள் சேர்ந்து நிற்கும் இவ்வழியில் நாமும் பின்தங்கியவர்கள் அல்லர். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திரூரில் நம் விவசாயக் கடன் சங்கம் பதிவானது 1904ஆம் ஆண்டில்.

இனி நம் நாட்டுத் திராட்சைக்கு வருவோம். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சையை அறியாதார் இல்லை. பிற நாடுகளில் மஸ்கட் ஹாம்பர்க் என வழங்கும் ரகம் அது. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தது என்பது செவிவழிச் செய்தி. பிரான்ஸில் ஆண்டுக்கு ஒரு போகம். கம்பத்திலோ ஆண்டு முழுவதும் அறுவடை நடைபெறும். அது பெரும் பேறுதான். ஆனால் வரத்து மிகுந்தால் விலை சரிகிறது. மென்மையான பழமாதலால் காத்திருக்கவும் இயலாது. அப்பழத்திற்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதே ரகத்தைத் தென் பிரான்ஸில் வான்தூ மலைச்சாரல் விவசாயிகள் மதுவாக்காமல் உண்ணும் பழமாகவே விற்கின்றனர். குலையைக் கையால் கொய்து, பழுதான மணிகளைக் கத்தரித்துக் களைந்து, தேறியதையே ஊர்ப்பெயரில் அனுப்புகின்றனர். அப்பெயருக்கு 1997இல் சட்டக் காப்புக் கிடைத்தது. ஆகவே பெயரால் விலை பெறுவதற்கு மது தேவையில்லை, ஒழுங்கே தேவை.

நெசவாளர்களுக்கும் இது பொருந்தும். படப்பையிலிருந்து வாலாஜாபாத் வழியே செல்லும் சாலை காஞ்சிபுரத்தை அடைகிறது. அவ்வூர்ப் பட்டுக்கு 2005இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. இதற்கான 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பதிவும் 10 ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர்ப் புதுப்பிக்க வேண்டும். குறியீடு ஊருக்குக் கிடைத்துவிட்டது என்று நெசவாளர் வாளாவிருத்தல் கூடாது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தம் பெயரையும் பதிந்துகொண்டால்தான், போலிச் சரக்கை எதிர்த்துச் சட்டப்படி முறையிடும் உரிமை கைவரும். பதிவகம் இருப்பதோ நம் கிண்டியில்தான்.

சங்கங்களைத் தணிக்கை செய்கையில் ரொக்கத்தையும் சரக்கிருப்பையும் சரிபார்க்கிறோம். பெயர் ஐந்தொகையில் ஏறுவதில்லை. ஆயினும் விசைத்தறிச் சேலை கோர்வைச் சேலையின் பெயரில் விற்கப்படும் ஒவ்வொரு முறையும் குறைவது அந்த ஏறாத சொத்தே. சரிகையின் வெள்ளி குறைந்தாலும், பழுத்த குலையின் அடியில் காயை ஒளித்துக் கட்டினாலும் அவ்வாறே. ஒருவர் செய்யும் பிழை அனைவர் கூலியையும் குறைக்கும்.

ஆதலின் அங்கத்தினர்கள் அடுத்த பொதுக்குழுவில் மூன்று தீர்மானங்களைக் கொணரலாம். முதலாவது, தகுதியுள்ள ஒவ்வொருவரும் பயனாளராகப் பதிவு செய்தல். இரண்டாவது, சங்க முத்திரை இடுமுன் தரம் பார்க்க அங்கத்தினரிலேயே சிலரை நியமித்தல். மூன்றாவது, தேறிய சரக்குக்குக் கூடுதல் கூலியும் விலையும் அளித்தல். மூன்றாவது இல்லையேல் முதலிரண்டும் நில்லா. நேர்மைக்குப் பலன் கண்டாலன்றி எவரும் அதை நெடுநாள் சுமக்க மாட்டார்.

நிலம் பங்காகும், தறியும் பங்காகும். ஊர்ப்பெயரைச் சங்கமாக நின்று காப்போமாயின், அது முழுதாகவே நம் மக்களைச் சேரும்.