தமிழாராய்ச்சி மாநாடும் எழுதப்படாத பயண நூல்களும்

உலகத் தமிழாராய்ச்சி மாநாடு என்றதும் எம்மவர் நெஞ்சில் முதலில் எழுவது 1974 ஆம் ஆண்டு தை மாதம் பத்தாம் நாளும், யாழ். வீரசிங்கம் மண்டபத்தின் முன்றலில் பறிக்கப்பட்ட உயிர்களுமே. அது இயல்பானதே. ஆயினும் அத்துயரத்தின் நிழலில் அம்மாநாட்டின் மூலக்கதை பலருக்கு மறைந்துபோயிற்று. அது ஒரு பயணியின் கதை. சுவிற்சர்லாந்தின் மாநிலங்கள் தோறும் சிதறி வாழும் எமக்கு அக்கதை பிறரைக் காட்டிலும் நெருக்கமானது.

ஊர்காவற்றுறைக் கரம்பொன்னில் 1913 இல் பிறந்த தனிநாயகம் அடிகளார் உரோமாபுரியில் குருத்துவக் கல்வி கற்றவர். தமிழை ஆழ்ந்து கற்றது அதன் பின்னரே. முதலில் வடக்கன்குளத்தில், பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். கற்ற தமிழைப் பையிலிட்டுக்கொண்டு நாடு நாடாகச் சென்றார். சென்ற இடமெல்லாம் நூலகக் கதவுகளைத் தட்டினார். 1554 இல் லிஸ்பன் நகரில் உரோமன் எழுத்தில் அச்சான தமிழ் நூலைப் பற்றித் தமிழுலகுக்கு எடுத்துரைத்தார். 1679 இல் அச்சேறிய புறோவென்சா அடிகளின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டு, 1966 இல் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். தம் பயணங்களை 'ஒன்றே உலகம்' என்னும் நூலாகவும் எழுதினார். ஆராய்ச்சியாளர் பயண நூல் எழுதுவது தம் தகுதிக்குக் குறைவென எண்ணும் வழக்கம் எம்மிடையே உண்டு. அடிகளார் அவ்வாறு எண்ணவில்லை.

1964 தை மாதத்தில் புதுடில்லியில் கீழைத்தேய ஆய்வாளர் மாநாடு கூடியது. அங்கு வந்திருந்த அறிஞர்களை ஒன்றுசேர்த்து அவரும் பேராசிரியர் வ. அய். சுப்பிரமணியமும் பிறரும் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தோற்றுவித்தனர். முதல் மாநாடு 1966 இல் கோலாலம்பூரில், இரண்டாவது 1968 இல் சென்னையில் நடைபெற்றன. மூன்றாவது 1970 ஆடி மாதம் எமது அயல் நகரான பாரிஸில், பிரான்சின் புகழ்பெற்ற கல்விக்கூடமான கொலேஜ் து பிரான்சில் கூடியது. பிரெஞ்சு அறிஞர் ழான் பிலியோசா மன்றத்தின் தலைவராக விளங்கினார். இன்று நாம் மரக்கறியும் நகையும் வாங்கச் செல்லும் லாச்சப்பல் வீதியில் அக்காலத்தில் ஒரு தமிழ்க் கடைப் பெயர்ப்பலகையும் இருந்திருக்காது. எமக்கு முன்னரே எம்மொழி அந்நகருக்கு வந்து, மேடையேறி, மதிப்புப் பெற்றுச் சென்றுவிட்டது.

நான்காவது மாநாடே யாழ்ப்பாணத்தில் நடந்தது. அதனைக் கொழும்பில் நடத்தவேண்டுமென அரசு விரும்பியது, பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமையிலான குழுவினர் யாழ்ப்பாணத்திலேயே நடத்திக் காட்டினர். எஞ்சியவற்றை வாசகர் அறிவர். பின்னர் மதுரை, மீண்டும் கோலாலம்பூர், மொரீசியஸ் என மாநாடு பயணித்தது. ஊர்வலமும் அலங்கார வளைவும் பெருகிய அளவுக்கு ஆராய்ச்சி பெருகியதா என்பது வேறு விடயம். 1995 இல் தஞ்சாவூரில் எட்டாவது மாநாடு கூடியபோது, அதற்கெனச் சென்ற பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ்நாட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார். தமிழாராய்ச்சிக்குத் தமிழறிவு போதாது, பயண அனுமதியும் வேண்டும் என்பதை அன்று உலகம் கண்டது. 'எவ்' அட்டையுடன் ஆண்டுக்கணக்கில் இந்நாட்டு எல்லையைத் தாண்ட முடியாதிருந்த எம்மவருக்கு அது புதிய செய்தியன்று.

பல்கலைக்கழக வாசல்களுக்கு வெளியேயும் மாநாடுகள் நடந்தன. 1988 இல் மேற்கு ஜேர்மனியின் ஹேர்ண நகரில் தொடங்கிய இலக்கியச் சந்திப்பு, ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் கூடி, 2013 இல் யாழ்ப்பாணத்துக்கே சென்றது. அதனை நடத்தியோர் பகலில் உணவகங்களிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்தவர்கள். அவர்களிடையே கருத்துப் பூசல்கள் குறைவன்று. ஆனால் கையிற் காசில்லாத காலத்திலும் தொடருந்து ஏறிச் சென்று கவிதையைப் பற்றிச் சண்டையிட்டோர் அவர்களே.

இனி, இந்நாட்டவர் எம்மைப் பற்றி எழுதியவற்றைப் பார்ப்போம். ஜெனீவாவிற் பிறந்த எல்லா மையார் என்னும் அம்மையார் இரண்டாம் உலகப்போர்க் காலத்தைத் தென்னிந்தியாவிற் கழித்தார். திருவண்ணாமலையில் இரமண மகரிஷியின் அருகில் வாழ்ந்த நாட்களையும் தம் பூனையையும் பற்றி ஒரு நூலே எழுதினார். அதே ஜெனீவா வட்டாரத்தைச் சேர்ந்த நிக்கொலா புவியே 1953 இல் சிறிய பியற் காரொன்றிற் புறப்பட்டு, யூகோசிலாவியா, துருக்கி, ஈரான் வழியாகக் கிழக்கே சென்றார். 1955 இல் இலங்கையை அடைந்து, காலி நகரில் நோயுற்றுத் தனித்துக் கிடந்தார். அம்மாதங்களை அவர் நூலாக்குவதற்குக் கால் நூற்றாண்டு சென்றது. இன்று அவருடைய ஏடுகள் ஜெனீவா நூலகத்தில் பேணப்படுகின்றன. பிரெஞ்சு மொழியிற் கற்கும் எம் பிள்ளைகள் அவரைப் படிக்கக்கூடும்; படித்து, தம் பெற்றோரின் தீவை அவர் கண்வழியே காணக்கூடும்.

பெற்றோரின் வழியை அவர்கள் எதிற் படிப்பர்? மொஸ்கோவிற் காத்திருந்த கிழமைகள், கிழக்கு பேர்லினிலிருந்து மேற்கே கடந்த நாள், இத்தாலிய எல்லையில் இரவில் நடந்த நடை ஆகியவை புவியேயின் பயணத்திற்குக் குறைந்தவையா? முதலில் வந்தவர் அடுத்து வருபவருக்குத் தொலைபேசியில் வழி சொன்னார்: எங்கே இறங்குவது, எவரிடம் பேசாதிருப்பது, எந்த வீட்டில் சோறு கிடைக்கும் என்று. பரிசில் பெற்ற பாணன் பெறாத பாணனுக்கு வழி கூறுவதை ஆற்றுப்படை என்று பெயரிட்டு, பத்துப்பாட்டிற் பாதியை அதற்கே கொடுத்தவர்கள் எம் முன்னோர். எமது ஆற்றுப்படையோ தொலைபேசிக் கட்டணச் சீட்டோடு போயிற்று.

உண்மையில், எம்முட் பெரும்பாலோரிடம் ஒரேயொரு பயண நூல் உண்டு. அதுவே புகலிட விசாரணைக் கோப்பு. எங்கிருந்து எவ்வழியாக வந்தீர் என்று அதிகாரி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் வேற்று மொழியிற் சொன்னார். தட்டச்சானதை மீளத் தமிழில் வாசித்துக் காட்டிப் பக்கந்தோறும் ஒப்பம் வாங்கினர். அதில் அச்சம் பேசியிருக்கும். அழைத்துவந்தவரின் பெயர் விடுபட்டிருக்கும். வழியில் இறந்தவரைப் பற்றி எவரும் கேட்டிருக்கமாட்டார்.

வதிவிட உரிமை இன்னும் உறுதியாகாதோர் இன்றும் மௌனம் காப்பதே தகும். அவர்களை எழுதுமாறு தூண்டுவது பொறுப்பற்ற செயல். ஆனால் குடியுரிமை பெற்று, பேரப்பிள்ளை கண்டவர்கள் பலர் இருக்கின்றனர். அவர்கள் தம் கோப்பின் படியை அதிகாரிகளிடம் எழுத்து மூலம் கோரலாம். அதனை மேசையில் வைத்து, அருகே ஒரு கொப்பியைத் திறந்து, கோப்பிற் சொல்லாதவற்றைத் தமிழில் எழுதத் தொடங்கலாம். ஊர்ப் பெயர்களையும் நாட்களையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அவையே முதலில் மறப்பவை. உடன் வந்தவர் உயிரோடிருந்தால் அவரிடம் கேட்டுச் சரிபாருங்கள். பிறர் பெயரை அவர் இசைவின்றி எழுதவேண்டாம். எழுத இயலாதோர் சொல்ல, பிள்ளைகள் ஒலிப்பதிவு செய்யட்டும். அப்பிள்ளையின் தமிழ் திருத்தமாயிருக்க வேண்டுமென்பதில்லை. கேட்கும் பொறுமை இருந்தாற் போதும்.