புதுக்கோட்டையில் கிடைத்த 501 ரோமானியத் தங்கக் காசுகள்... பேரரசர் முகத்தில் வெட்டு ஏன்?

1898. அப்போது தொண்டைமான் சமஸ்தானம். இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தின் கருக்காக்குறிச்சியில் மண்ணுக்குள்ளிருந்து 501 ரோமானியத் தங்கக் காசுகள் வெளிவந்தன. பெரும்பாலும் பேரரசர்களின் தலை பொறித்தவை. பெரும்பாலானவற்றில் அந்தத் தலை மீதே உளியால் ஒரு வெட்டு!

அந்தப் பேரரசர்களில் கடைசி ஆள் வெஸ்பாசியன். கி.பி. 69-ல் அரியணை ஏறியவர். அதற்குமுன் ஆப்பிரிக்க மாகாணத்தின், அதாவது இன்றைய துனிசியா பகுதியின் ஆளுநர். ஆளுநராகப் போனவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு திரும்புவது அங்கே வழக்கம். இவரோ கையைச் சுட்டுக்கொண்டு வந்து, கோவேறு கழுதை வியாபாரத்தில் இறங்கினாராம். ஒருமுறை மக்கள் கிழங்கை எடுத்து அவர்மேல் வீசியதையும் ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிறார்.

அவரைப் பேரரசராக முதலில் அறிவித்தவரும் ஓர் ஆளுநர்தான். எகிப்தை நிர்வகித்த டைபீரியஸ் ஜூலியஸ் அலெக்சாண்டர். நம் மிளகு ரோமுக்குப் போன பாதை அந்த எகிப்து வழியாகத்தான். சரக்கின் மதிப்பில் 25 சதவிகிதம் வரி! ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போகிறதே என்று பிளினி புலம்பியதும் இதே காலத்தில்தான்.

சரி, வெட்டு எதற்கு? உள்ளே அசல் தங்கமா என்று சோதித்தார்கள் என்பது ஒரு கருத்து. அதற்கு ஓரத்தில் ஒரு கீறல் போதுமே? நாணயமாகச் செல்லாது, எடை போட்டுத் தங்கமாக மட்டுமே வாங்கலாம் என்பதற்கான அடையாளம் என்கிறார்கள் வேறு சில ஆய்வாளர்கள். முகத்தைக் குறிவைத்து வெட்டியிருப்பதைப் பார்த்தால், இதுதான் பொருத்தமாகத் தெரிகிறது.